கண்டக்டர் குற்றாலிங்கத்தின் பெருமூச்சு

சிவந்திகுளத்துக்கும் தென்காசிக்கும் இடையே ஓடுகிற டவுன் பஸ்ஸின் கண்டக்டர் குற்றாலிங்கம், ஓர் ஐப்பசி மாத மத்தியானம், ஊருக்கு வெளியே வளைவில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்து, டிரைவர் ஆவுடையப்பன் பிரேக்கை மிதித்து, நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மடியிலும் உட்கார்ந்தவர்கள் முன்சீட்டுக் கம்பியிலும் போய் விழுந்த அந்த ஒரு நொடியில், உதட்டில் வைத்திருந்த விசிலை விழுங்கிவிட்டார்.

ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸைக் கிளப்புவதற்காகக் குற்றாலிங்கம் உதட்டைக் குவித்தபோதுதான் வாயில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கம்பியைப் பிடித்தபடி குனிந்து அவர் இருமிய இருமலில் கூட வந்தவர்கள் பயந்துபோனார்கள். யாரோ முதுகில் ஓங்கி அறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் தானாக அடங்கி, அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விசிலு எங்க அண்ணாச்சி?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"உள்ள போயிட்டு."

அது கோயில் கொடைத் திருவிழாவில் வாங்கிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் விசில், சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். பழைய இரும்பு விசில் தொலைந்துபோனதால் இதைக் கழுத்துக் கயிறுகூட இல்லாமல் உதட்டிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பூவன் பழம் தின்றால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்றார் ஒருவர். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும் என்றாள் கூடைக்காரி ஒருத்தி. அன்றைக்கு மிச்ச தூரத்துக்குக் குற்றாலிங்கம் பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டியே சமாளித்தார்.

பஜாருக்குப் பின்னால் நீளவாக்கில் இருந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். யாரும் அவரை விட்டுவிட்டுப் போய்விடவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. மகள் பேறுகாலத்துக்காக மனைவி உலகம்மை புனேக்குப் போனாள், முதல் பேரன் நடக்கும்வரை இருந்தாள், பிறகு இரண்டாவது பேரன் வந்தான், மகளுக்கு வேலை கிடைத்தது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, இப்படி ஒவ்வொன்றும் நியாயமாகவே நடந்து நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் போன நாளில் தென்காசி ஸ்டேஷனுக்கு அவருடைய பஸ்ஸில்தான் போனாள். சொந்தப் பெண்டாட்டிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்கி வைத்து, பஸ் நிற்கக் கூடாது என்பதால் படியில் ஏறி நின்று, இரண்டு விசில் கொடுத்தவரும் அவர்தான்.

விசில் விழுங்கிய அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, காலையில் கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டு கவிழ்ந்தபடியே இருப்பதைப் பார்த்து, வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டார். அது நெஞ்சுக்குள் இருந்த விசில் வழியாக நீளமாக, ஒற்றையாக, தெளிவாக வெளியே வந்தது.

சிவந்திகுளம் நின்றது.

பஜாரில் போன சைக்கிள்கள் சாயாமல் நின்றன, மாவு மில்லின் பெல்ட் நின்றது, டீக்கடையில் ஆற்றிய டீ இரண்டு குவளைகளுக்கும் நடுவில் பழுப்பு நாடாபோல நின்றது, குளத்துக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்த கொக்குகள் இறக்கையை விரித்தபடி நின்றன, ஓங்கிய கை ஓங்கியபடியும் எடுத்த கால் எடுத்தபடியும் நின்றது. மூச்சும் நெஞ்சடிப்பும் கண்ணிமையும் நாக்கும் மட்டும் நிற்கவில்லை. அதனால் நின்ற இடத்திலேயே நின்றபடி ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன வே, காலு எழும்பல?" என்று கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் தட்டுக்கு நீட்டிய கையோடு நின்ற குற்றாலிங்கத்துக்கு நெஞ்சில் கரகரவென்று வர, இரண்டு முறை சின்னதாக இருமினார். இரண்டு குட்டி விசில். டீ குவளைக்குள் விழுந்தது. கொக்குகள் குளத்தில் இறங்கின.

ஒன்று அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகிய ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் டீக்கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், கண்டக்டர் விசிலை விழுங்கினதும், அவர் பெருமூச்சு விட்டால் ஊர் நிற்கிறதும், இருமினால் போகிறதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறினால் எப்படிப் பழகிக்கொள்வார்களோ அப்படிப் பழகிக்கொண்டார்கள். குடத்தை இடுப்பில் ஏற்றுகிற பெண்கள் ஒரே மூச்சில் ஏற்றக் கற்றுக்கொண்டார்கள், பாதியில் நின்றால் இடுப்பு போய்விடும். பங்காளிச் சண்டையில் ஒருவன் கம்பை ஓங்கியபடி நின்றுபோக, இருவரும் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் பேசித் தீர்த்து, வேறு பேச்சில்லாமல் தேங்காய் விலையைப் பேசி, கை இறங்கியபோது கம்பை எதற்கு எடுத்தோம் என்பது இருவருக்குமே மங்கிப்போயிருந்தது. நடுரோட்டில் எதிரெதிராக நின்றுபோன இரண்டு குடும்பத்துக்குள் ஒரு கல்யாணப் பேச்சுகூட முடிந்தது.

ஆனால் குற்றாலிங்கம் ஒரு நாளைக்கு எத்தனை முறை பெருமூச்சு விடுகிறவர் என்பது அதுவரை ஊருக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. மத்தியானம் ஊர் நின்றால், "சோறு மிஞ்சிப் போச்சு போல அண்ணாச்சிக்கு" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நின்றால், "புனேயிலருந்து போன் வந்து வச்சாச்சு" என்றார்கள். மனிதனுக்குத் துக்கம் வரலாம், ஆனால் வந்த துக்கத்துக்கு மாவு மில் நிற்கக் கூடாது. பால் வண்டி தாமதித்துப் பால் திரிந்தது. முடிவெட்டுகிற கடையில் கத்தி கழுத்தில் நின்றது. வியாபாரிகள் கூடிப் பேசி, பொழுது சாய்ந்தால்தான் அந்த ஆளுக்கு மூச்சு கனக்கிறது, தனியாக விட்டால்தானே விடுவார் என்று கண்டு, தினமும் சாயந்தரம் யாராவது முறை வைத்துப் போய் அவரோடு உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தார்கள்.

அப்படித்தான் வருஷக்கணக்காக யாரும் வராத வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் சீட்டுக்கட்டோடு வந்தார். ஹெட்மாஸ்டர் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தார். உரக்கடைக்காரர் தன் மச்சானையும் கூட்டி வந்தார். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள், குற்றாலிங்கம் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தார்கள், அது சாதாரண மூச்சாக வெளியே வந்ததும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். பார்வை எதற்கென்று அவருக்குத் தெரியும். பால் கொதிக்கும்போது அடுப்பை விட்டுப் போகாமல் நிற்பார்களே, அந்தப் பார்வை. தெரிந்தும், சாயந்தரம் ஆனால் பரணிலிருந்து இறக்கிய டம்ளர்களைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழமும் சோற்றுருண்டையும் ஒன்றும் செய்யவில்லை. காலைக்கடனைக் கிளறிப் பார்த்தும் விசில் தட்டுப்படவில்லை. தென்காசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தில் விலா எலும்புதான் இருந்தது. மூச்சுவிட்டால் நெஞ்சுக்குள் கீச்சென்கிற சத்தம் நிற்காததால், ஆவுடையப்பன் அவரை ஒரு லீவு நாளில் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நெஞ்சுப் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஜெபசெல்வி. நரை விழுந்த தலை, சத்தம் போடாத குரல். அவர் எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"விசில் எதுல செஞ்சது?"

"பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக் இதுல தெரியாது. காசு, ஊசி, பேட்டரின்னா பளிச்சுனு தெரியும். வயித்துக்குப் போயிருந்தா இந்நேரம் வெளிய வந்திருக்கும். நீங்க விழுங்குனதா நினைக்கிறீங்க, அது சாப்பாட்டுக் குழாய்க்குப் போகல. மூச்சுக் குழாய்க்குப் போயிருக்கு." ஸ்டெதாஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தார். "நல்லா ஆழமா இழுத்து, மெதுவா விடுங்க."

"அது வேண்டாம் டாக்டர்" என்றார் ஆவுடையப்பன்.

அதற்குள் குற்றாலிங்கம் விட்டுவிட்டார். ஃபேன் நின்றது. தள்ளுவண்டி நின்றது, துடைப்பம் நின்றது, அடுத்த கட்டிலில் சொட்டிய மருந்து சொட்டாமல் குழாயில் நின்றது. டாக்டர் ஜெபசெல்வியின் கை அவர் முதுகில் வைத்த இடத்தில் நின்றது, ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "வலது பக்கம்" என்றார் டாக்டர். "வலது குழாய் கொஞ்சம் நேராவும் அகலமாவும் இருக்கும், உள்ள போறது பெரும்பாலும் அங்கதான் போகும். சரி, இப்ப என்ன செஞ்சா கை வரும்?"

குற்றாலிங்கம் இரண்டு முறை இருமினார். ஃபேன் சுற்றியது. டாக்டர் முதல் வேலையாகச் சொட்டு மருந்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இங்க இருக்கிறவரைக்கும் பெருமூச்சு விடாதீங்க, புண்ணியமாப் போகும்" என்றார். பிறகு உட்கார்ந்து, மயக்கம் கொடுத்து, வாய் வழியாக விளக்கு வைத்த குழாயை விட்டு, இடுக்கியால் பிடித்து எடுத்துவிடலாம் என்று சொன்னார். விட்டுவைத்தால் அதற்குப் பின்னால் சளி தேங்கும், சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், நுரையீரலின் அந்தப் பகுதியே சுருங்கிப்போகும்.

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா என்ன, நீங்க பழையபடி ஆயிருவீங்க."

பழையபடி என்ற சொல் குற்றாலிங்கத்தின் காதில் இறங்கி, கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னார். எந்த வீட்டில் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் பிரமசக்தி அவரைத் தேடி வந்தாள். பள்ளிக்கூடத் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிற பெண், புருஷன் இல்லை, ஒரே மகன் மாசானம். முறைக்கு வருகிறவர்களில் அவள் கிடையாது. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு உங்க மொத டிரிப்புல எம் மவன் போறான். மஸ்கட்டுக்கு. ரெண்டு வருசம்ங்கான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸு கிளம்பும்போது நீங்க ஒரு மூச்சு விடணும்."

"அது எப்படி தாயி, நினைச்சா வருமா."

"உங்களுக்கு வராட்டா யாருக்கு வரும்" என்றாள் பிரமசக்தி. அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் மாசானம் பெட்டியோடு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். பிரமசக்தி கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடையப்பன் வண்டியைக் கிளப்ப, சக்கரம் ஒரு அடி உருண்டது, அவள் கூடவே ஒரு அடி நடந்தாள். குற்றாலிங்கம் படியில் நின்று அதைப் பார்த்தார். அவர் முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெருமூச்சு தானாக வந்தது, பஸ் நின்றது, பஜார் நின்றது, அவள் கை கம்பியிலும் மகன் கை அவள் கைமேலும் அப்படியே நின்றன.

மாசானம் தாயோடு அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை. சாப்பாட்டை வைத்தால் தின்பான், கேட்டால் ஆமாம் இல்லை என்பான். இப்போது எழுந்து போக வழியில்லை, முகத்தைத் திருப்பவும் வழியில்லை. முதலில் கோபத்தில், "விடச் சொல்லும்மா, ரயிலு போயிரும்" என்றான். பிறகு, தான் அனுப்பும் பணத்தில் முதலில் அவள் டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்றான். பிறகு, சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது மிஷின் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்றும், அங்கே போய் எப்படித் தூங்குவது என்று தெரியவில்லை என்றும் சொன்னான். அவள், அவன் அப்பாவைப் பற்றி இதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னாள். பஸ்ஸில் இருந்தவர்கள் காதைத் திருப்ப முடியாததால் கண்ணை மூடிக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அவளுக்குள் ஏதோ இளகி வந்து, ஓர் இடத்தில் பேச்சு தானாக முடிந்தது.

"போதும் அண்ணாச்சி" என்றாள் பிரமசக்தி. "இருமுங்க."

பஸ் போனது. அன்றிலிருந்து யாரும் கேட்காமலே அவளும் முறைக்கு வர ஆரம்பித்தாள். வந்தால் கதவோரம் உட்கார்ந்து பித்தான் தைப்பாள். சீட்டாடுகிறவர்களைப்போல அவர் நெஞ்சைப் பார்ப்பதில்லை, ஊசியைப் பார்ப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு எப்போது போகிறீர்கள் என்று ஆவுடையப்பன் கேட்கும்போதெல்லாம் குற்றாலிங்கம் தீபாவளி போகட்டும் என்றார், கார்த்திகை போகட்டும் என்றார். கேட்கிற ஆளுக்குக் காரணம் தெரிந்திருந்தது, சொல்கிறவருக்கும் அது தெரிந்திருந்தது. மார்கழிப் பனியில் காய்ச்சல் வந்தது. சளியில் நாற்றம் வந்தது. மூச்சு ஏறுவதற்கே ஓர் ஆள் தூக்கிவிட வேண்டும்போல இருந்தது. லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று சீட்டாடுகிறவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு பிற்பகல் பிரமசக்தி கஞ்சியோடு உள்ளே வந்து, கட்டிலுக்கு இரண்டு எட்டு தூரத்தில் இருந்தபோது, அவர் கண்ணைத் திறந்து, வந்திருக்கிற ஒரே ஆளைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். அதுவரை விட்டதிலேயே நீளமானது அது. ஊர் நின்றது. இருமுவதற்கு நெஞ்சில் பலம் இல்லை. ஊர் நின்றபடியே இருந்தது.

முதலில் யாரும் பதறவில்லை. அண்ணாச்சி எப்படியும் இருமுவார் என்று நின்றார்கள். வெயில் மட்டும் நகர்ந்தது, அது விசிலுக்கு அடங்காதது. கொஞ்சம் பொறுத்து பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஆட்டோவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், வலி கண்டுவிட்டது, ஆட்டோ நகரவில்லை. அந்தக் குரல் டீக்கடை முன்னால் நின்றவருக்கு எட்டியது, அவர் நின்ற இடத்திலிருந்து உரக்கடைக்குச் சொன்னார், உரக்கடை பள்ளிக்கூடத் தெருவுக்குச் சொன்னது, அங்கிருந்து தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒருத்தி சந்துக்குச் சொன்னாள். கால் நகராத ஊரில் வாய் வாயாக அந்தச் சேதி நடந்து வந்து குற்றாலிங்கத்தின் ஜன்னலில் நின்றது.

"அண்ணாச்சிய இருமச் சொல்லு, பிரமசக்தி."

அவள் கஞ்சிப் போகணியோடு ஒரு கால் முன்னால் வைத்தபடி நின்றாள். அவர் உதடு வெளுத்துக் கிடந்தது. இருமு என்றால் இருமுகிற நிலையில் அவர் இல்லை என்பதைப் பார்த்தாள். அவளால் முதுகில் தட்ட முடியாது, தண்ணீர் கொடுக்க முடியாது. பேச மட்டும்தான் முடியும்.

"அண்ணாச்சி, உலகம்மை மயினி ஊருக்குப் போன அன்னைக்கு நானும் அந்த பஸ்ஸுலதான் இருந்தேன்."

அவர் கண் அவள் பக்கம் வந்தது.

"ரெண்டாவது சீட்டுல. தென்காசிக்கு நூல்கண்டு வாங்கப் போனேன். நீங்க பெட்டிய இறக்கி வச்சீய. மயினிகிட்ட என்னமோ சொல்ல வந்தீய. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். சொல்லாம ஏறிட்டீய." அவள் குரல் மிஷின் ஓட்டுகிறபோது பேசுவதுபோல ஒரே சீராக இருந்தது. "விசில வாயில வச்சீய, சத்தம் வரல. உங்க வாயி நடுங்குச்சு. பொறவு கையால உதட்ட அமுக்கிப் பிடிச்சுகிட்டு ரெண்டு தடவ ஊதுனீய. மத்த யாரும் பாக்கல. நான் பாத்தேன்."

குற்றாலிங்கம் கண்ணை மூடித் திறந்தார்.

"என்ன சொல்ல வந்தீய அன்னைக்கு?"

அவர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். "சீக்கிரம் வந்துரு" என்றார், அவ்வளவுதான், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அழுகை வந்தது. சின்னப்பிள்ளைகள் அழுவதுபோல மூச்சு துண்டுதுண்டாக உடைந்து விசும்பலாக வந்தது. ஒரு விசும்பல், உடனே இன்னொரு விசும்பல். இரண்டு குட்டி விசில்.

ஆட்டோ கிளம்பிய சத்தம் ஜன்னல் வரை கேட்டது. பிரமசக்தியின் முன்னங்கால் தரையில் ஊன்றியது. அவர் நிறுத்தாமல் இரண்டிரண்டாக விசும்பிக்கொண்டே இருந்தார், ஊர் தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம் என்று இருட்டுவதற்குள் சேதி வந்தது. அதற்குள் ஆவுடையப்பன் கார் பிடித்துக்கொண்டு வந்து, குற்றாலிங்கத்தைத் திருநெல்வேலிக்கு ஏற்றியிருந்தார். இந்தத் தடவை அவர் பொங்கல் போகட்டும் என்று சொல்லவில்லை.

காய்ச்சல் குறைவதற்கு மருந்து ஏற்றினார்கள். குழாய் விடுகிற அன்று காலையில் புனேயிலிருந்து போன் வந்தது.

"நான் வரட்டுமா?" என்றாள் உலகம்மை. "சின்னவனுக்குப் பரிச்ச நடக்கு. ஆனா வரணும்னா வாரேன்."

"சின்ன விசிலுதான" என்றார் அவர். சொல்லிவிட்டு, போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. "பரிச்ச முடிஞ்சா ஒரு நட வந்துட்டுப் போ. சும்மா உன்னப் பாக்கணும்."

"பாக்கேன்" என்றாள் உலகம்மை. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் அதைக் கவனிக்காமல் இல்லை.

குழாய் விட்டபோது நடந்ததை நர்ஸ் பிறகு சொன்னாள். இடுக்கி போய் விசிலைத் தொட்டதும் அது ஒரு முறை நீளமாக ஊதிவிட்டது. டாக்டர் கை, நர்ஸ் கை, மயக்க மருந்து கொடுக்கிறவர் கை, எல்லாம் நின்றுவிட்டன. மூச்சுப் பையை அமுக்குகிற கை நிற்கக் கூடாது. "பயப்படாதீங்க, இவருக்கு இருமல் வரும், உடம்பு தானாத் தள்ளும்" என்று டாக்டர் ஜெபசெல்வி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடியே மயக்கத்துக்குள்ளேயே அவர் உடம்பு இரண்டு முறை இருமியது, கைகள் வந்தன, அடுத்த இருமலோடு விசில் இடுக்கியில் வெளியே வந்துவிட்டது. ரோஸ் நிறம் போய்ப் பழுப்பேறி, சளி மூடி, ஒரு பக்கம் விரிந்திருந்தது. தட்டில் வைத்து அவரிடம் காட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். அன்று மத்தியானம் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு விட்டார். வெறும் காற்று வந்தது. வராந்தாவில் தள்ளுவண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்தபோது வேலைக்குத் திரும்பினார். கழுத்தில் கயிறு கட்டிய புது இரும்பு விசில். "எப்படி இருக்கீய அண்ணாச்சி" என்று பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்கள், டிக்கெட் வாங்கினார்கள், இறங்கிப் போனார்கள். மாவு மில் நிற்காமல் ஓடியது. சாயந்தரங்களில் யாரும் வரவில்லை. யார்மேலும் தப்பில்லை, வருவதற்கு இனி காரணம் இல்லை. முதல் நாள் அவர் டம்ளர்களைக் கழுவி வைத்தார், இரண்டாம் நாளும் வைத்தார், அப்புறம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பரணில் ஏற்றினார். வீட்டுக்குள் அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் காலும் நிற்கவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, யாருமே இல்லாததுபோலவும் இருந்தது.

பிரமசக்தியும் வரவில்லை. முறை கலைந்துவிட்டதால் அவள் இனி தனியாக வந்து உட்கார்ந்தால் தெரு என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பல நாள் யோசித்து, ஒரு சாயந்தரம் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு, பூட்டைப் பூட்டிவிட்டு, எல்லாரும் பார்க்கிற வெளிச்சத்திலேயே பஜார் வழியாக நடந்து பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனார். மிஷின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. கதவு திறந்திருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, தைக்கணுமா?"

"இல்ல." கையில் கொண்டுவர ஏதாவது இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. "ஒரு சோலியும் இல்ல. சும்மா வந்தேன்."

அவள் ஸ்டூல் மேலிருந்த துணிகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். மகன் வாரம் ஒருமுறை பேசுகிறான் என்று சொன்னாள், போனை மிஷின் பக்கத்தில் வைத்து ஓட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தூங்கப்போகிறான் என்று சொன்னாள். உலகம்மைக்குப் பரிச்சை லீவில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். அவள் ஒரு பாவாடையை எடுத்து விளிம்பை மடித்து, குண்டூசிகளைக் கொத்தாக எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குத்த ஆரம்பித்தாள்.

குற்றாலிங்கம் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"வாயில வைக்காத தாயி."

அவள் கை நின்றது. அவரைப் பார்த்தாள். ஒவ்வொரு ஊசியாக உதட்டிலிருந்து எடுத்து, மிஷின் மேலிருந்த துணி உருண்டையில் குத்தி வைத்தாள். கடைசி ஊசியையும் குத்திவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு மறந்துருவேன். வந்து சொல்லுங்க."